ஹார்மோன் என்று சொல்லி என் வாயை அடைத்தார்கள்

நான் நர்ஸ். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் மருத்துவ அறையில் வேலை பார்க்கிறேன். ஏறக்குறைய ஒரு வருஷம் என் கை நடுங்கியது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடத்தது. வயிறாரச் சாப்பிட்டும் உடம்பு இளைத்துக்கொண்டே போனது. இதைச் சொல்லிக்கொண்டு நான் போய் நின்ற டாக்டர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "ஹார்மோன் சேஞ்ச்மா. இந்த வயசுல அப்படித்தான் இருக்கும். கோபத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க." எந்த ஹார்மோன், எவ்வளவு ஏறியிருக்கிறது, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஒருவர்கூட ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவே இல்லை அவர்களுக்கு. என் குணத்தைப் பற்றி அவர்கள் மனதில் ஏற்கெனவே ஒரு முடிவு இருந்தது; அதற்கு ஒரு மருத்துவப் பெயர் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

500 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆம்புலன்ஸ் அறை இருந்தாக வேண்டும் என்று 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. அப்படி ஓர் அறைதான் எங்களுடையது. இரண்டு கட்டில், ஒரு ஆக்சிஜன் சிலிண்டர், பி.பி. பார்க்கும் மெஷின், தீக்காயத்துக்கான களிம்பு, ஒரு பெரிய ரெஜிஸ்டர். டாக்டர் தினமும் கொஞ்ச நேரம் வந்துவிட்டுப் போவார். மற்ற நேரமெல்லாம் நான்தான். ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், ஆரம்பாக்கம் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் பெண் பிள்ளைகள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து லைன் வீடுகளில் தங்கியிருக்கும் பையன்கள், காண்ட்ராக்ட்டில் பெருக்கித் துடைக்கும் அக்காமார்கள் என்று எல்லோருக்கும் முதல் ஆஸ்பத்திரி இந்த அறைதான்.

அந்த ரெஜிஸ்டரை யாராவது வாங்கிப் புரட்டிப் பார்க்க வேண்டும். நெஞ்சு இறுக்கமாக இருக்கிறது என்று ஒரு ஃபிட்டர் வந்தால் அந்த வரிசையில் "இ.சி.ஜி.க்கு அனுப்பப்பட்டார்" என்று இருக்கும். அதே இறுக்கத்தைச் சொல்லிக்கொண்டு பேக்கிங்கில் நிற்கும் ஒரு அக்கா வந்தால் "பதற்றம், ஓய்வு, அரை மணி நேரம்" என்று இருக்கும். ஆணுக்கு உடம்பு, பெண்ணுக்கு மனசு. எழுதியது என் கையெழுத்து, சொன்னது டாக்டர். அவர் கெட்டவர் கிடையாது. அன்பாகப் பேசுவார், தீபாவளிக்கு எல்லோருக்கும் ஸ்வீட் வாங்கி வருவார். ஆனால் ஒரு பெண் உள்ளே நுழைந்து வாயைத் திறப்பதற்குள் "பீரியட்ஸா? வீட்ல ஏதாவது சண்டையா?" என்று கேட்டுவிடுவார். அதற்குப் பிறகு அவள் என்ன சொன்னாலும் அந்த இரண்டு கேள்விக்குப் பதிலாகத்தான் அவர் காதில் விழும்.

ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண், வயசு இருபதுகூட இருக்காது. தமிழ் தெரியாது, டாக்டருக்கு ஒடியா தெரியாது. மொழி பெயர்க்க வந்து நின்றது அவளுடைய லைன் சூப்பர்வைசர், ஓர் ஆண். தன் உதிரப்போக்கைப் பற்றி அவன் எதிரில் அவள் எப்படிச் சொல்வாள்? தலையைக் குனிந்துகொண்டு ஏதோ முணுமுணுத்தாள். அவன் சொன்னான்: "ஒண்ணுமில்ல சார், தலை சுத்துதாம். இவளுங்களுக்கு மாசா மாசம் இதே வேலைதான்." டாக்டர் சிரித்தபடி சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவர் கிளம்பிப் போன பிறகு அவள் கண் இமையை இழுத்துப் பார்த்தேன். உள்பக்கம் காகிதம்போல வெளுத்திருந்தது. ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லி அனுப்பினேன், 6 என்று வந்தது. ரத்தம் ஏற்ற வேண்டிய நிலை. அந்த உடம்போடு அவள் எட்டு மணி நேரம் நின்றுகொண்டு டார்கெட் முடித்திருக்கிறாள். ரெஜிஸ்டரில் அன்றைய வரி "பொதுவான சோர்வு" என்றுதான் இன்னும் இருக்கிறது.

தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் மாதவிடாய் வலிக்கு உறையில் பெயர்கூட இல்லாத மாத்திரைகளைக் கொடுத்து, வலியை மறக்கடித்து, மெஷின் முன்னால் நிற்க வைக்கிறார்கள் என்று 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் எழுதினார்கள். படித்த எனக்கு ஆச்சரியமே இல்லை. வலியைக் கேட்டு விசாரிக்க நேரமில்லாத இடத்தில், அதன் வாயை அடைக்க ஒரு மாத்திரையாவது இருக்கும், ஒரு வார்த்தையாவது இருக்கும். எங்கள் இடத்தில் வார்த்தை இருந்தது.

என் கதைக்கு வருகிறேன்.

கத்திரி வெயில் நேரத்தில்தான் ஆரம்பித்தது. எல்லோருக்கும் வேர்க்கிறது, எனக்கும் வேர்க்கிறது என்று விட்டிருந்தேன். மார்கழியிலும் நின்றபாடில்லை. மீஞ்சூர் தாண்டும்போது ரயிலில் எல்லோரும் ஜன்னலைச் சாத்தச் சொல்வார்கள், நான் மட்டும் திறந்து வைக்கச் சொல்லி மல்லுக்கு நிற்பேன். ராத்திரி தூக்கம் கிடையாது. வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. எல்லாவற்றையும்விட என் கை. வார்டில் இருந்த காலத்தில் யாருக்கும் நரம்பு கிடைக்காத பேஷண்டுக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கை ஊசியைப் பிடித்தால் நடுங்கியது. ஒரு நர்ஸுக்கு இதைவிட அவமானம் வேறு என்ன வேண்டும்?

அந்த நாட்களில்தான் பிரஸ் ஷாப்பில் ஒரு பையனுக்கு விரல் நசுங்கியது. எண்ணெய் துடைக்கும் வேஸ்ட் துணியைச் சுற்றி, ஷிஃப்ட் முடியும்வரை உட்காரவைத்து, அப்புறம் கூட்டி வந்தார்கள். நான் கத்தினேன். அந்தச் சூப்பர்வைசர் முகத்துக்கு நேராக, அறைக்கு வெளியே கேட்கும்படி கத்தினேன். எவளாக இருந்தாலும் கத்தியிருப்பாள். மறுநாள் எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். விரல் பற்றிப் பேச்சே இல்லை. "சிஸ்டர், கொஞ்ச நாளா நீங்க டென்ஷனா இருக்கீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. டாக்டர்கிட்டயும் கேட்டோம். ஹார்மோன் பிராப்ளமாம்ல? கவுன்சிலிங் போயிட்டு வாங்க" என்றார்கள். என் உடம்பைப் பற்றி என்னிடம் சொல்லாத டாக்டர் எச்.ஆரிடம் சொல்லியிருக்கிறார். அதையும் சோதித்துப் பார்க்காமலே சொல்லியிருக்கிறார்.

டாக்டரிடமே நேரில் கேட்டேன். "சார், தைராய்டு ஒரு தடவை பார்த்துடலாமா? டி.எஸ்.எச். மட்டுமாவது?" அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தைராய்டுன்னா வெயிட் போடும். நீங்க இளைச்சிருக்கீங்க. நீங்களே டாக்டர் ஆயிட்டா நாங்க எதுக்கு?" சுரப்பது குறைந்தால் உடம்பு போடும், கூடினால் இளைக்கும் என்பது நர்ஸிங் முதல் வருஷப் பாடம். அவருக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் எதிரில் நிற்பது நாற்பதைத் தாண்டிய பெண், அதிலும் கோபக்காரி என்று பெயரெடுத்தவள் என்றதும் படித்ததெல்லாம் எங்கே போகிறது?

திருவள்ளூர் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலும் காட்டினேன். அங்கிருந்த ஃபிசிஷியன் என்னைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கணவர் எப்படி, பையன் என்ன படிக்கிறான், மாமியார் கூட இருக்கிறாரா என்று கேட்டார். ஒரு தூக்க மாத்திரை எழுதினார். கேஸ் ஷீட்டில் "பதற்றமான ஆளுமை, மெனோபாஸ் தொடக்கம்" என்று எழுதினார். மாதவிடாய் எனக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேட்காமலே மெனோபாஸ் என்று எழுதினார்.

வெளியே ஏதாவது லேபில் சில நூறு ரூபாய் கட்டிப் பார்த்திருக்கலாமே என்று என்னிடமே கேட்கிறார்கள். நோயாளியே ரத்தம் கொடுத்து, நோயாளியே கண்டுபிடித்து, நோயாளியே நிரூபித்துவிட்டுத்தான் டாக்டர் எதிரில் உட்கார வேண்டும் என்றால், மாசா மாசம் என் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. என்று பிடிப்பது எதற்கு? அதையும்விட ஒன்று சொல்கிறேன். "உனக்கு ஒன்றுமில்லை, உன் சுபாவமே இப்படித்தான்" என்று படித்தவர்கள் வரிசையாகச் சொன்னால், ஒரு கட்டத்தில் உன் நாடித் துடிப்பை நீயே நம்ப மாட்டாய். வீட்டில் என் பையனும் "அம்மாவுக்கு மூட் அவுட், பேசாதீங்கப்பா" என்று சொல்லப் பழகிவிட்டான். அதை யாரிடம் போய் முறையிடுவது?

எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக்கு மெடிக்கல் காலேஜ் வந்திருக்கிறது, 2022 ஜனவரியில் திறந்தார்கள். ஆனால் எங்கள் பக்கத்திலிருந்து திருவள்ளூருக்கு ரயிலில் போவதென்றால் சென்னைக்குப் போய் வண்டி மாறித்தான் போக வேண்டும். அதனால் இந்த லைனில் இருப்பவர்கள் எல்லோரும் சென்னைக்கே போய்விடுவார்கள். நானும் கடைசியில் அங்கே ஓர் அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. வரிசையில்தான் போய் நின்றேன்.

பார்த்தது ஒரு ஹவுஸ் சர்ஜன் பெண். என் பையனைவிட ஆறேழு வயசு பெரியவளாக இருப்பாள். கண்ணுக்குக் கீழே கறுத்து, ராத்திரி டூட்டி முடிந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் பேசப் பேசக் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. "கையை நீட்டுங்கம்மா, விரலை விரிச்சு வையுங்க" என்றாள். ஓ.பி. சீட்டுக் கட்டிலிருந்து ஒரு தாளை எடுத்து என் விரல்களின் மேல் வைத்தாள். தாள் படபடவென்று அடித்தது. ஃபேன் காற்றா என்று பார்த்து ஃபேனை நிறுத்தச் சொன்னாள். அப்போதும் அடித்தது. பின்னால் வந்து நின்று கழுத்தில் விரல் வைத்து, "எச்சில் முழுங்குங்க" என்றாள். நாடியைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். "ரெகுலரா இல்லையேம்மா, இத்தனை நாள் யாருமே பார்க்கலையா?" என்று கேட்டாள். அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். இத்தனைக்கும் ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. ஒரு தாள், இரண்டு விரல், ஒரு கடிகாரம். அந்த ஃபிசிஷியனின் மேஜை மேலும் தாள் இருந்தது.

டி.எஸ்.எச். அளக்கவே முடியாத அளவுக்குக் கீழே போயிருந்தது. தைராய்டு சுரக்கும் டி4 எகிறியிருந்தது. கிரேவ்ஸ் நோய். உடம்பே தப்பான ஒரு எதிர்ப்பொருளை உண்டாக்கி, அது தைராய்டு சுரப்பியைப் போய் முடுக்கிவிட, சுரப்பி நிற்காமல் சுரந்துகொண்டே இருக்கும். போதும் என்று மூளையின் அடியிலிருக்கும் பிட்யூட்டரி, சுரக்கச் சொல்லும் தன் டி.எஸ்.எச்.சை நிறுத்திவிட்டாலும் சுரப்பி கேட்காது. படபடப்பு, நடுக்கம், இளைப்பு, வேர்வை, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் அதிலிருந்து வருபவை. டப்ளினில் ராபர்ட் கிரேவ்ஸ் என்ற டாக்டர் நெஞ்சு படபடத்து, கழுத்து வீங்கிய மூன்று பெண்களைப் பற்றி 1835இல் எழுதியதிலிருந்து அவர் பெயரில் இருக்கிறது இந்த நோய். ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம் வருவது. அப்படியென்றால் நாற்பது வயசுப் பெண் படபடக்கிறது என்று வந்து நின்றால் முதலில் நினைக்க வேண்டிய நோய்களில் இது ஒன்று. பெண் என்பதாலேயே எதைத் தேடியிருக்க வேண்டுமோ, பெண் என்பதாலேயே அதைத் தேடாமல் விட்டார்கள்.

இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். இதயத் துடிப்பு தாறுமாறாகி, உள்ளே ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். எலும்பு உள்ளுக்குள் கரையும். கார்பிமசோலும் ப்ரோப்ரனலாலும் கொடுத்தார்கள். தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வந்து ரத்த அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும் என்று அந்தப் பெண் இரண்டு தடவை சொல்லி, என்னைத் திருப்பிச் சொல்ல வைத்தாள். நான் நர்ஸ் என்று தெரிந்தும் சொல்ல வைத்தாள். அதுதான் மருத்துவம்.

நான் வார்டில் வேலை பார்த்த காலத்தில் ஆபரேஷன் தியேட்டரில் கத்தரியைத் தூக்கி எறிந்த சர்ஜன்களைப் பார்த்திருக்கிறேன். ஜூனியர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டுவார்கள். "சார் பெர்ஃபெக்ஷனிஸ்ட், வேலையில் அப்படி" என்று மற்றவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். யாராவது அவருக்கு டெஸ்டோஸ்டிரோன் பார்க்கச் சொன்னார்களா? அதே தியேட்டரில் ஒரு பெண் பி.ஜி. டாக்டர் குரலை உயர்த்தினால் காபி ரூமில், "மேடத்துக்கு இன்னைக்கு டேட் போல" என்று பேச்சு ஓடும். எம்.பி.பி.எஸ். படித்த பெண்ணுக்கே இந்தக் கதி என்றால் லைனில் நிற்கும் பெண்ணுக்கு என்ன கிடைக்கும்?

ஸூரிச் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு ஆய்வைப் பற்றிப் பின்னால் தெரிந்துகொண்டேன். 2010இல் நேச்சர் இதழில் வந்தது. நூற்றுச் சொச்சம் பெண்களில் சிலருக்கு டெஸ்டோஸ்டிரோனும் சிலருக்குப் போலி மருந்தும் கொடுத்து, பணத்தை இன்னொருவரோடு பங்கு போடும் விளையாட்டில் உட்கார வைத்தார்கள். எல்லோரும் எதிர்பார்த்ததற்கு மாறாக, டெஸ்டோஸ்டிரோன் உள்ளே போனவர்கள் மற்றவர்களைவிட நியாயமான பங்கு கொடுத்தார்கள். தனக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்துவிட்டார்கள் என்று நம்பியவர்கள்தான், உண்மையில் கொடுத்தார்களோ இல்லையோ, கஞ்சத்தனமாக நடந்தார்கள். ஹார்மோன் செய்யாததை ஹார்மோனைப் பற்றிய நம்பிக்கை செய்தது. இதைப் படித்த ராத்திரி எனக்கு மறுபடியும் தூக்கம் வரவில்லை. என் ரத்தத்தில் ஓடியதைவிட அவர்கள் தலையில் ஓடியதுதானே என்னைச் சாவின் பக்கத்தில் கொண்டுபோய் விட்டது.

புதுக்கோட்டை கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜனை நினைத்தால் எனக்கு நடந்தது ஒன்றுமே இல்லை. செங்கல் சூளைக் கூலிகளின் மகள் 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓடி வெள்ளி வாங்கினாள். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். ஒரு மருத்துவ அறைக்குள் இருந்திருக்க வேண்டிய விஷயத்தை ஊரறிய டி.வி.யில் போட்டார்கள். பின்னாளில் அந்தப் பெண்ணும் சூளையில் கல் சுமந்தாள். 2014இல் ஒடிசாவின் ஓட்டக்காரி டூட்டி சந்துக்கும் டெஸ்டோஸ்டிரோன் அளவைச் சொல்லித் தடை போட்டார்கள். அவள் விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனாள். அந்த அளவை வைத்துத் தடை போடும் விதிக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2015 ஜூலையில் அதை நிறுத்தி வைத்தார்கள். சாந்திக்குப் பின்னால் நின்று வழக்காட அன்று யாரும் வரவில்லை.

பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது கோளாறு. 2021இல், தன்பால் ஈர்ப்பினர் பாதுகாப்புக் கேட்ட சுஷ்மா வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தான் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்தார். மருத்துவப் பாடத்தில் தன்பால் ஈர்ப்பினரையும் திருநர்களையும் இழிவாக எழுதியிருப்பதை எல்லாம் மாற்றச் சொன்னார். தேசிய மருத்துவ ஆணையம் கல்லூரிகளுக்கு அறிவுரை அனுப்பியது. அதே ஆணையம் 2024 ஆகஸ்டில் தடயவியல் மருத்துவப் பாடத்திட்டத்தில் பழைய அசிங்கங்களைத் திரும்ப நுழைத்து, எதிர்ப்பு வந்ததும் செப்டம்பரில் வாபஸ் வாங்கியது. ஒரு நீதிபதி கற்றுக்கொள்ள உட்கார முடிகிறது. டாக்டர்களுக்கு என்ன தடை?

ஹார்மோன் மனசை ஆட்டவே ஆட்டாது என்று நான் சொல்லவில்லை. ஆட்டும். மாதவிடாய்க்கு முந்தைய கடும் மனச்சோர்வை ஒரு நோயாகவே 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் சேர்த்திருக்கிறார்கள், அதற்கு மருந்தும் உண்டு. தைராய்டு ஏறினால் எரிச்சல் வரும், இறங்கினால் மனசு சோர்ந்து படுத்துவிடும். அதனால்தான் கேட்கிறேன், அளந்து பாருங்கள், மருந்து கொடுங்கள். அளக்காமல் சொல்லும் ஹார்மோன் வெறும் வசவு. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு சொன்னாலும் வசவுதான்.

இப்போது என் டி.எஸ்.எச். ஒழுங்குக்கு வந்துவிட்டது. கை நடுங்கவில்லை, தூங்குகிறேன். நசுங்கிய விரலை வேஸ்ட் துணியில் சுற்றி உட்காரவைத்ததை நினைத்தால் கோபம் அதே அளவு வருகிறது. மாத்திரை அதைத் தொடவில்லை. அது நோயாக இருந்ததே இல்லை.

அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்கு என் ரிப்போர்ட்டுகளின் நகலோடு கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறேன்: "பதற்றமான ஆளுமை" என்ற வரியை அடித்து, கீழே நோயின் பெயரை எழுதி, எழுதியவர் கையெழுத்துப் போட வேண்டும். கம்பெனியில் என் ஃபைலில் இருக்கும் கவுன்சிலிங் குறிப்பையும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். "அதான் சரியாயிடுச்சே சிஸ்டர், இன்னும் ஏன் டென்ஷன் ஆகுறீங்க?" என்று எச்.ஆரில் கேட்கிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து பதிலே இல்லை. அடுத்த கடிதத்தை ஸ்பீட் போஸ்டில், ஒப்புகையோடு அனுப்பியிருக்கிறேன்.